வைக்கோலை விற்றுவிட்டு சிலிக்கான் வாங்குவதா?

நெல் தோகையை உருவினால் கை அறுபடும். சிலிக்கான் சத்து தோகையின் மேல் சிலிக்காவாகப் படிந்திருப்பதே காரணம். தோகையை விறைப்பாக நிறுத்துவதும், பயிர் சாயாமல் தாங்குவதும், குலைநோயும் குருத்துப்பூச்சியும் எளிதில் உள்ளே புகாமல் தடுப்பதும் இதுதான். இப்போது இதைப் பாட்டிலில் அடைத்து விற்கிறார்கள். வாங்குவதற்கு முன் விவசாயிகள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

1 டன் நெல் விளைய, பயிர் எடுக்கும் சிலிக்கான் சராசரியாக 80 கிலோ. தழைச்சத்துகூட 20 கிலோவுக்குள்தான். ஏக்கருக்கு 2 டன் கண்டால் 160 கிலோ. இதில் ஐந்தில் நான்கு பங்கு வைக்கோலில் நிற்கிறது. முன்பு அது வீட்டு மாட்டுக்குப் போய், சாணமாகி, எருக்குழி வழியாக வயலுக்கே திரும்பியது. இன்று அறுவடை முடிந்த கையோடு வைக்கோல் கட்டும் இயந்திரம் இறங்குகிறது. லாரி ஏறிய கட்டு ஊர் திரும்புவதில்லை. பயிர் எடுத்த சாம்பல் சத்தில் பெரும்பகுதியும் அதோடு போகிறது. கட்டுக்குக் கிடைத்த காசை எண்ணுகிறோம். போன சத்தை எண்ணுவதில்லை. இலையில் தெளிக்கும் சில நூறு மில்லி அதற்கு ஈடாகுமா?

"மண்ணில்தான் மணல் கிடக்கிறதே" என்பீர்கள். மணல் லேசில் கரையாது. கரைந்ததைத்தான் வேர் குடிக்கும். கனத்த களிமண்ணில் பெரும்பாலும் போதிய அளவு இருக்கும். பஞ்சமெல்லாம் மணற்பாங்கான நிலத்திலும், மழையில் சத்து அரித்துப்போன செம்மண்ணிலும்தான். முற்றிய வைக்கோலில் சிலிக்கான் 5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பற்றாக்குறை என்று கொள்ளலாம். யூரியாவை அள்ளிப் போட்டுத் தோகையைத் தளரவிட்டால் அது வேறு கதை.

ஜப்பானில் 1955லேயே இரும்பாலைக் கசடைச் சிலிக்கான் உரமாக அங்கீகரித்தார்கள். நமக்குக் கசடு வேண்டாம், உமி இருக்கிறது. உமிச் சாம்பலில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் சிலிக்காதான். அரிசி ஆலை ஓரங்களில் அது குவிந்து கிடந்து, காற்றில் பறந்து கண்ணை உறுத்துகிறது. கடும் சூட்டில் வெளுத்த சாம்பல் சீக்கிரம் கரையாது; கறுப்பாக, அரைகுறையாக எரிந்ததே பயிருக்கு உதவும். நெல்லை உமியோடு கொள்முதல் செய்துகொண்டு போகும் அரசு, அந்தச் சாம்பல் கூட்டுறவுச் சங்கம் வழியாகத் திரும்பி வரவும் வழி செய்ய வேண்டும்.

வைக்கோல் முழுவதையும் வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. கடன்காரர் வாசலில் நிற்கும்போது அது நடக்காது. மூன்றில் ஒரு பங்கையாவது வயலில் பரப்பி, நடவுக்கு இரண்டு, மூன்று வாரம் முன்பே மடக்கி உழுங்கள். அதற்குப் பிறகும் தெளிப்பு வேண்டுமென்று தோன்றினால், அரை ஏக்கரில் மட்டும் தெளித்து, மற்றதோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அடுத்த பாட்டிலை வாங்கலாம்.