அம்மாவுக்கு இல்லாத நோய் மகனுக்கு வருவது எப்படி?

1884-ம் ஆண்டு. பிரான்ஸின் கான் நகரில் கால் இடறி விழுந்தார், இங்கிலாந்து இளவரசர் லியோபோல்ட். மறுநாள் அதிகாலை உயிர் பிரிந்தது. வயது 30தான். எளிதில் ரத்தம் உறையாத 'ஹீமோபிலியா' அவருக்கு இருந்தது.

அவருடைய அம்மா விக்டோரியா மகாராணிக்கோ, அக்கா ஆலிஸுக்கோ ரத்தக்கசிவுத் தொல்லை இல்லை. ஆனால், ஆலிஸின் மகனுக்கு ஹீமோபிலியா இருந்தது. மகள் வயிற்றுப் பேரனான ரஷ்ய இளவரசர் அலெக்ஸிக்கும் இருந்தது.

காரணம், பழுதான ஜீன் இருக்கும் இடம் எக்ஸ் குரோமோசோம். பெண்களுக்கு இரண்டு எக்ஸ். ஒன்றில் பழுது இருந்தாலும் இன்னொன்று பெரும்பாலும் சமாளித்துவிடும். ஆண்களுக்கு ஒரே எக்ஸ்தான். அதைத் தருவது அம்மா.

இப்படிப் பழுதான ஜீனைச் சுமக்கும் பெண்ணைக் 'கேரியர்' என்பார்கள். அவருக்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வர 50% வாய்ப்பு. ஒவ்வொரு மகளும் கேரியராக 50% வாய்ப்பு. அப்பாவுக்கு நோய் என்றால், அவரிடமிருந்து மகன்களுக்கு வராது. மகள்கள் அனைவரும் கேரியர்கள்.

நோயுள்ள தாய்மாமனையே கேரியர் பெண் மணந்தால், பெண் குழந்தைக்கும் நோய் வரலாம்.

'எங்க வம்சத்துலயே இல்லை, எல்லாம் உன்னாலதான்' என்று மருமகளைக் குத்திக்காட்டுவதில் அர்த்தமில்லை. ஜீனை யாரும் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதில்லை. ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு, குடும்பத்தில் யாருக்குமே இல்லாமல் புதிதாகவும் வருகிறது.

தாய்மாமனோ, அம்மாவின் தாய்மாமனோ சின்னக் காயத்துக்கே ரத்தம் நிற்காமல் அவதிப்பட்டிருந்தால், பிரசவத்துக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுவது நல்லது. அந்த ஒரு தகவல் குழந்தையின் உயிரைக் காக்கலாம்.