கையா? காலா? கோல்கீப்பரை மாற்றி ஆட்டத்தையே மாற்றிய மான்செஸ்டர் சிட்டி!

2025 செப்டம்பர் 21. லண்டன் எமிரேட்ஸ் மைதானம். ஆர்சனல் – மான்செஸ்டர் சிட்டி மோதல்.

9-வது நிமிடத்திலேயே ஹாலண்ட் கோல் போட்டார். சிட்டி முன்னிலை. அதற்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. சிட்டி வீரர்கள் பந்தை எதிரியிடமே விட்டுவிட்டு, தங்கள் கோல் முன்னால் வந்து கூட்டமாக நின்றுகொண்டார்கள். கடைசி நேரத்தில் பின்களத்தில் மட்டும் 5 பேர்! ஆட்டம் முடிந்து கணக்குப் பார்த்தால், பந்து சிட்டியின் வசம் இருந்தது 100-க்கு 33 பங்குதான்.

வேறு அணி என்றால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். இது பெப் கார்டியோலாவின் அணி ஆயிற்றே! "பந்து நம்ம கிட்டேயே இருந்தா எதிரி எப்படிக் கோல் போடுவான்?" என்ற கொள்கையை வைத்தே உலகப் பேர் வாங்கிய பயிற்சியாளர் அவர். பார்சிலோனா, பேயர்ன் மியூனிக், மான்செஸ்டர் சிட்டி என்று மூன்று நாடுகளில் சுமார் 600 லீக் ஆட்டங்களைப் பார்த்தவர். அத்தனையிலும் அவருடைய அணி இவ்வளவு குறைவாகப் பந்தை வைத்திருந்தது கிடையாது.

பயிற்சியாளர் பல்டி அடித்துவிட்டாரா? அடித்தார்தான். ஆனால் அது ஒரே ராத்திரியில் அடித்த பல்டி அல்ல. 9 வருடமாக, சீசனுக்குச் சீசன் கொஞ்சம் கொஞ்சமாக நடந்த மாற்றம் அது. அதைப் புரிந்துகொள்ள மைதானம் முழுக்கக் கண்ணை ஓட்ட வேண்டாம். கோல் கம்பங்களுக்கு நடுவே நின்ற ஆள் யார் யார் என்று பார்த்தாலே பாதி விளங்கிவிடும்.

ஹார்ட்டுக்குக் கல்தா

2016-ல் கார்டியோலா மான்செஸ்டரில் வந்து இறங்கினார். அப்போது கோலில் நின்றவர் ஜோ ஹார்ட். வயது 29. இங்கிலாந்து தேசிய அணியின் கோல்கீப்பர். சிட்டியில் சேர்ந்து 10 வருடம். 2012-லும் 2014-லும் லீக் பட்டம் வாங்கிக் கொடுத்த கை அவருடையது. ரசிகர்களுக்குச் செல்லப்பிள்ளை.

ஆனால் புதுப் பயிற்சியாளருக்குக் கை மட்டும் போதவில்லை. கால் வேண்டும் என்றார்!

கோல்கீப்பருக்கு எதற்கய்யா கால் என்று கேட்கலாம். கணக்கு ரொம்பச் சுலபம். எதிரி அணி தன் கோல்கீப்பரைக் கோலில் விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். ஆக, பந்தைத் துரத்த அவர்களுக்கு 10 பேர்தான். நம் கோல்கீப்பருக்கும் காலால் ஒழுங்காக பாஸ் கொடுக்கத் தெரிந்தால் நம் பக்கம் 11 பேர். எப்படிப் பார்த்தாலும் நம்மில் ஒருத்தன் சும்மா நிற்பான். அவனைத் தேடிப் பிடித்துப் பந்தைக் கொடு! கார்டியோலாவின் பாஸ் ஆட்டத்துக்கு அஸ்திவாரமே இந்த ஓர் ஆள் உபரிதான். கோல்கீப்பர் கண்ணை மூடிக்கொண்டு பந்தைத் தூக்கி அடித்தால் அந்த உபரி வீண்.

1992-க்கு முன்னால் இந்தப் பேச்சே எழுந்திருக்காது. தன் அணிக்காரன் காலால் திருப்பிக் கொடுத்த பந்தைக் கோல்கீப்பர் கையால் பிடிக்கக் கூடாது என்று அந்த ஆண்டு சட்டம் வந்தது. அன்றைக்குத்தான் கோல்கீப்பர்களின் காலுக்கு வேலை வந்தது, தலைவலியும் வந்தது.

2016 ஆகஸ்ட் 24-ந்தேதி ருமேனியாவின் ஸ்டாவா அணியுடன் ஆட்டம். ஹார்ட்டைத் தலைவராக இறக்கினார்கள். மைதானம் முழுக்க அவர் பேரைச் சொல்லிப் பாட்டு. எல்லோருக்கும் தெரியும், அது வழியனுப்பு விழா என்று. மறுநாளே பார்சிலோனாவில் இருந்து பிராவோ வந்து சேர்ந்தார். ஹார்ட் இத்தாலியின் டொரினோ அணிக்கு இரவல் போனார்.

பிராவோ பட்ட பாடு

பிராவோவுக்குக் கால் இருந்தது. சந்தேகமில்லை. ஆனால் முதல் லீக் ஆட்டமே மான்செஸ்டர் யுனைடெட்டுடன். கைக்கு வந்த பந்தை நழுவவிட, இப்ராஹிமோவிச் கோல் அடித்தார். சிட்டி 2–1 என்று ஜெயித்ததால் மானம் தப்பியது. அக்டோபரில் அவருடைய பழைய ஊரான பார்சிலோனாவிலேயே ஆட்டம். பாஸ் கொடுக்கப் போய், பந்து எதிரியின் காலுக்குப் போனது. பதறிப்போய் எல்லைக்கு வெளியே நின்றே கையால் தடுத்தார். சிவப்பு அட்டை! சிட்டிக்கு 4–0 தோல்வி. மெஸ்ஸிக்கு 3 கோல்.

அந்த சீசனில் சிட்டிக்கு 78 புள்ளி, மூன்றாவது இடம். முதலிடம் பிடித்த செல்சியைவிட 15 புள்ளி குறைவு. கார்டியோலா பயிற்சியாளர் ஆனதில் இருந்து ஒரு கோப்பைகூட இல்லாமல் போன முதல் வருடம் அது. பாஸ் ஆட்டம் இங்கிலாந்தின் மழைக்கும் முரட்டு ஆட்டத்துக்கும் சரிப்படாது என்று விமர்சகர்கள் எழுதினார்கள். பயிற்சியாளர் அசையவில்லை. கொள்கை தப்பில்லை, ஆள்தான் தப்பு என்று முடிவு கட்டினார்.

100 புள்ளி!

2017 கோடையில் பின்களத்தில் பெரிய களையெடுப்பு. சபலேட்டா, சாக்னா, கிளிஷி, கொலரோவ் என்று 30 வயது தாண்டிய நாலு பேரும் வெளியே. வாக்கர், மெண்டி, டனிலோ உள்ளே. கோலுக்கு போர்ச்சுகலின் பென்பிக்கா அணியில் இருந்து 23 வயது பிரேசில் பையன் எடர்சன். விலை சுமார் 3 கோடியே 50 லட்சம் பவுன்.

பையன் பெரிய ஆசாமி. செப்டம்பரில் லிவர்பூல் வீரர் மானேயின் பூட்ஸ் முகத்தில் பட்டு, தையல் போட்டார்கள். நாலாவது நாள் தலையில் காப்பு மாட்டிக்கொண்டு அடுத்த ஆட்டத்துக்கு வந்து நின்றுவிட்டார்!

பிராவோ கிட்டத்து ஆளுக்குத்தான் பெரும்பாலும் பாஸ் கொடுப்பார். எடர்சனுக்கு இரண்டும் கைவந்த கலை. இல்லை, கால்வந்த கலை. எதிரிகள் முன்னால் ஓடிவந்து நெருக்கினால், அவர்கள் தலைக்கு மேலே தூக்கி மறுபாதிக்கு அனுப்புவார். பயந்து பின்னாலேயே நின்றால் பக்கத்தில் நிற்கும் தடுப்பு வீரரிடம் சாவகாசமாகத் தட்டிவிடுவார். வந்தாலும் வம்பு, நின்றாலும் வம்பு! கையில் இருந்து விட்டு அடிக்கும் உதையில் 75.35 மீட்டர் தூரம் அனுப்பி 2018-ல் கின்னஸ் புத்தகத்தில் இடம் பிடித்த கால் அது. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் ஹடர்ஸ்பீல்டு அணியுடன் ஆடியபோது அவர் அடித்த நீள பாஸ் நேராக அகுவேரோவிடம் போய் கோல் ஆனது.

மெண்டிக்குச் சீக்கிரமே முழங்காலில் அடிபட்டது. அந்த இடத்தில் நடுக்கள வீரர் டெல்ஃப் நிறுத்தப்பட்டார். அவர் ஓரத்தில் நிற்காமல் உள்ளே நகர்ந்து பாஸ் வாங்கினார். நடுவில் இன்னும் ஓர் ஆள் உபரி.

2017–18 முடிவில் 32 வெற்றி, 106 கோல், 100 புள்ளி. இங்கிலாந்தின் முதல்நிலை லீக்கில் 100-ஐ எட்டிய முதல் அணி. இரண்டாவது வந்தவர்களுக்கும் அவர்களுக்கும் 19 புள்ளி இடைவெளி. சரிப்படாது என்று எழுதியவர்கள் மூக்கின்மேல் விரலை வைத்தார்கள்.

2019-ல் சட்டமும் கைகொடுத்தது. அதுவரை கோல் கிக் அடித்தால் பந்து பெனால்டி எல்லையைத் தாண்டின பிறகுதான் அடுத்தவர் தொடலாம். இனி எல்லைக்குள்ளேயே வாங்கலாம் என்றார்கள். கோல்கீப்பரும் இரண்டு தடுப்பு வீரர்களும் கோல் வாசலில் நின்றுகொண்டு தட்டித் தட்டி விளையாட, ரசிகர்களுக்கு நெஞ்சு பக் பக்!

நடுவில் வந்த இரண்டு சீசன்களில் இன்னொரு புதுமை. 2020–21-ல் அகுவேரோ காயத்தால் பெரும்பாலும் ஆடவில்லை. நிலையான சென்டர் பார்வர்டு இல்லாமலே பட்டம். லீக்கில் அதிக கோல் போட்டவர் நடுக்கள வீரர் குண்டோகன், 13 கோல். அடுத்த சீசனும் அதே கதைதான். கோல் போடுவதும் பாஸ் கொடுப்பதும் ஒரே கூட்டத்தின் வேலை என்று ஆனது.

முன்னால் ஒரு மலை

2022-ல் வந்தார் ஹாலண்ட். இவருக்குப் பின்னால் வந்து பாஸ் வாங்கி, திருப்பிக் கொடுத்து, மறுபடி வாங்கும் பொறுமை எல்லாம் கிடையாது. முன்னால் ஓடுவார், பந்து அங்கே வர வேண்டும். முதல் சீசனிலேயே லீக்கில் 36 கோல், புதுச் சாதனை. பாஸின் குணமே மாறியது. 2023 ஏப்ரலில் ஆர்சனலை 4–1 என்று அடித்த ஆட்டத்தின் முதல் கோலைச் சொல்லலாம். பின்னால் இருந்து ஸ்டோன்ஸ் ஒரே தூக்கு. ஹாலண்ட் நெஞ்சு கொடுத்து நின்று தட்டிவிட்டார். டி புருய்னே ஓடிப் போய் அடித்தார். 20 பாஸ் எங்கே? மூணே பேர், கோல்!

அதே சீசனில் பின்கள வீரர் ஸ்டோன்ஸை நடுக்களத்துக்கு ஏற்றி, ரோட்ரிக்குப் பக்கத்தில் நிற்க வைத்தார்கள். லீக், எப்.ஏ. கோப்பை, சாம்பியன்ஸ் லீக் என்று மூன்றும் மான்செஸ்டருக்குப் போயின. 2024-ல் தொடர்ந்து நாலாவது லீக் பட்டம். இங்கிலாந்தில் அதற்கு முன் யாரும் செய்யாதது.

அங்கேதான் வினை. 2024 செப்டம்பரில் ஆர்சனல் ஆட்டத்தில் ரோட்ரிக்கு முழங்கால் போயிற்று. பாஸ் இயந்திரத்தின் அச்சாணியே அவர்தான். அவர் இல்லாமல் அக்டோபர் கடைசியில் இருந்து தொடர்ந்து 5 தோல்வி. நவம்பரில் டச்சு அணியான பெயனூர்டுடன் 75-வது நிமிடம் வரை 3–0 முன்னிலை, முடிவில் 3–3. கடைசி கோலில் எடர்சன் கோலை விட்டு வெளியே ஓடிவந்து ஏமாந்தார். சீசன் முடிவில் 71 புள்ளி, மூன்றாவது இடம்.

ரோட்ரி ஒருவரை மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது. எதிரிகளும் பாடம் படித்துவிட்டார்கள் என்பதுதான் நிஜம். அந்த ஓர் ஆள் உபரியைத் தீர்க்க ஆளுக்கு ஆள் ஒட்டிக்கொண்டு, கோல்கீப்பர் மேலேயே பாய ஆரம்பித்தார்கள். அப்படி எல்லோரும் முன்னால் ஏறி வந்தால் அவர்களுடைய பின்புறம் காலியாக இருக்கும். ஹாலண்டும் ஒரு தடுப்பு வீரரும் மட்டும் நேருக்கு நேர். அப்புறம் எதற்குப் பின்னால் தட்டித் தட்டி ஆபத்தை விலைக்கு வாங்க வேண்டும்? தூக்கி அடி, ஓடு! கார்டியோலாவே 2025-ல், இன்றைய கால்பந்து என்பது போர்ன்மவுத், பிரைட்டன், நியூகாசில், லிவர்பூல் அணிகள் ஆடும் வேக ஆட்டம்தான் என்று ஒப்புக்கொண்டார்.

வேகம் இரண்டு பக்கமும் ஓடும். எதிரியும் வேகமாக வருவான். அப்போது கோலில் வேண்டியது கை!

பாரிசில் கல்தா, மான்செஸ்டரில் வரவேற்பு

அதே கோடையில் பாரிசில் நடந்த கூத்தைக் கேளுங்கள். டோனரும்மா, இத்தாலிக்காரர், 6 அடி 5 அங்குலம். 2025 மார்ச்சில் லிவர்பூல் மண்ணில் பெனால்டிகளைத் தடுத்து பாரிஸ் அணியைக் காப்பாற்றியவர். மே 31-ந்தேதி அந்த அணி சாம்பியன்ஸ் லீக் வாங்கியபோது கோலில் நின்றவர். இரண்டரை மாதத்தில் அவருக்குக் கல்தா! சூப்பர் கோப்பை ஆட்டத்துக்கு ஆட்டக்காரர் பட்டியலில்கூடப் பேர் இல்லை. பயிற்சியாளர் லூயிஸ் என்ரிக் சொன்ன காரணம், எங்களுக்கு வேறு மாதிரியான கோல்கீப்பர் தேவை என்பது. லில் அணியில் இருந்து செவாலியேவை வாங்கிவிட்டார்கள். 2016-ல் ஹார்ட் வாங்கிய அதே அடி.

மான்செஸ்டரிலும் அந்த நேரம் ஓர் இளைஞனுக்குச் சோதனை. ஜேம்ஸ் டிராபோர்ட், வயது 22, சிட்டி வளர்த்த பிள்ளை. பர்ன்லி அணியில் 2024–25-ல் 45 லீக் ஆட்டம் ஆடி, 29-ல் ஒரு கோலும் விடாதவர். அவரைத் திரும்ப அழைத்து எடர்சன் இடத்தில் நிறுத்தினார்கள். ஆகஸ்ட் 23-ந்தேதி சொந்த மைதானத்தில் டாட்டன்ஹாமுடன் ஆட்டம். கோல் முன்னால் இருந்து பழைய பாணியில் நிகோ கொன்சலஸுக்குத் தட்டிவிட்டார். எதிரிகள் பாய்ந்து பறித்தார்கள். பலின்யா கோல். 2–0 தோல்வி. கொடுக்கச் சொன்ன பாஸைத்தானே பையன் கொடுத்தான்! பழி மட்டும் அவன் தலையில்.

லீக்கில் மூன்றே ஆட்டம். செப்டம்பர் பிறந்ததும் எடர்சன் துருக்கியின் பெனர்பாசேக்குப் போனார், டோனரும்மா மான்செஸ்டருக்கு வந்தார். ஹார்ட்டுக்குக் கால் போதாது என்று அனுப்பிய அதே பயிற்சியாளர், கால் போதாது என்று பாரிஸ் கழித்த கோல்கீப்பரை இருகை நீட்டி வாங்கினார்! 14-ந்தேதி யுனைடெட்டை 3–0 என்று முறியடித்தார்கள். உம்பூமோ அடித்த வேகப் பந்தை டோனரும்மா பறந்து தட்டியதைப் பார்த்து மைதானமே எழுந்து நின்றது. ஒரு வாரம் கழித்துத்தான் அந்த 33 பங்கு ஆட்டம். அதில் 93-வது நிமிடத்தில் பின்களத்துக்கு மேலே வந்த பந்தை மார்ட்டினெல்லி, முன்னால் வந்த டோனரும்மாவின் தலைக்கு மேலேயே தூக்கிப் போட, 1–1 என்று டிரா ஆனது தனிக்கதை.

ஹார்ட் என்ன ஆனார்? டொரினோ, வெஸ்ட் ஹாம், பர்ன்லி, டாட்டன்ஹாம் என்று அலைந்து, 2021-ல் ஸ்காட்லாந்தின் செல்டிக் அணிக்குப் போனார். அங்கே பயிற்சியாளர் போஸ்டெகோக்ளுவும் பின்னால் இருந்தே பாஸ் கொடுத்து ஆடச் சொல்பவர்தான். 34 வயதில் ஹார்ட் அதைக் கற்றுக்கொண்டார். தொடர்ந்து மூன்று லீக் பட்டம் வாங்கிவிட்டு 2024-ல் ஓய்வு பெற்றார்.

டிராபோர்டுக்கு பெஞ்சுதான். ஆர்சனல் ஆட்டம் முடிந்த மூன்றாவது நாள், லீக் கோப்பைக்காக மூன்றாம் டிவிஷனில் இருந்த ஹடர்ஸ்பீல்டுடன் ஆட அவரை இறக்கினார்கள். சிட்டிக்கு 2–0 வெற்றி. பையன் ஒரு கோலும் விடவில்லை.