காகத்தையும் எழுதுக

தில்லி லோதி தோட்டத்தின் குளிர்கால ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில், பழைய கல்லறை மண்டபங்களைச் சுற்றி நீண்ட லென்சுகளின் கூட்டம் ஒன்று கூடுகிறது. பொந்தருகே கண்மூடி வெயில் காயும் புள்ளி ஆந்தைக்கும், அத்திமரத்தில் பழம் கொத்தும் சாம்பல் இருவாச்சிக்கும் படம் உண்டு, பதிவும் உண்டு. அதே மரத்தடியில் இரைதேடும் காகமும் மைனாவும் கண்ணில் படுகின்றன, குறிப்பில் ஏறுவதில்லை. நகரப் பூங்காக்களின் உயிரினப் பதிவில் உள்ள பெருங்குறை இதுவே.

எங்கே, எப்போது, எவ்வளவு நேரம், எவ்வளவு தொலைவு நடந்து, எவற்றை எத்தனை கண்டது என்பதெல்லாம் சேர்ந்ததே பதிவு. ஈபேர்ட் தளம் ஒவ்வொரு பட்டியலையும் ஏற்குமுன் ஒரு கேள்வி கேட்கிறது: அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் எழுதியாயிற்றா? பலர் இதனைச் சடங்காகக் கடந்துவிடுகின்றனர். ஆனால் அதற்கு உண்மையான ‘ஆம்’ கிடைக்காதவரை, பட்டியலில் இல்லாத பறவை பூங்காவில் இல்லையா, இருந்தும் எழுதப்படவில்லையா என்று அறிய வழியில்லை. மொழித் தரவகம் தொகுத்தவர்களுக்கு இவ்விடர் பழக்கமானது. அருஞ்சொற்களை மட்டும் பொறுக்கிச் சேர்த்தவர் அகராதிக்கு உதவலாம். அம்மொழி அன்றாடம் எப்படிப் பேசப்படுகிறது என்பதை அவரால் சொல்ல இயலாது.

சிட்டுக்குருவியின் கதையைப் பார்க்கலாம். கைப்பேசிக் கோபுரங்களால் அவ்வினமே அழிந்துவருகிறது என்பது நாடெங்கும் ஊர்ப்பேச்சாக இருந்தது. தில்லி அரசு 2012இல் அதனை மாநிலப் பறவையாகவே அறிவித்தது. 2020இல் வெளிவந்த ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கையோ, 15,000க்கும் மேற்பட்ட நோக்கர்கள் அளித்த ஒரு கோடிக்கும் மேற்பட்ட பதிவுகளைக் கொண்டு வேறொன்றைச் சொன்னது. நாடு முழுவதிலும் அதன் எண்ணிக்கை 25 ஆண்டுகளுக்கும் மேலாக ஏறக்குறைய நிலையாக இருக்கிறது. ஆறு பெருநகரங்களில் மட்டும் படிப்படியாகக் குறைகிறது. பயிற்சியற்றோர் தரவை நம்பலாமா என்று கருத்தரங்குகளில் இன்னும் கேட்பவர்கள், இம்முடிவை அளித்தவர்களில் பெரும்பாலோர் ஊதியமின்றிக் குருவியையும் ஒரு வரியில் எழுதிவைத்தவர்கள் என்பதை நினைவில் கொள்ளலாம்.

ஆயினும் அவர்கள் எழுதாதது நிறைய. நோக்கர்கள் வருவது விடுமுறைக் காலையில்; பூங்காக் கதவுகள் இரவில் மூடப்படுகின்றன. ஆகவே வௌவாலும் தேரையும் அந்துப்பூச்சியும் பட்டியல்களில் மிகக் குறைவு. ஐநேச்சுரலிஸ்ட் தளம் பெரிதும் படத்தைச் சார்ந்தது. அருகே சென்றாலும் அசையாத செடிக்கு அங்கே கிடைக்கும் இடம், உச்சிக்கிளையில் குரல் மட்டும் கொடுக்கும் குக்குறுவானுக்குக் கிடைப்பதில்லை.

இழப்பு நேருமிடம் இருவாச்சியின் பொந்து. கோடையில் பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள் நுழைந்து வாயிலை அடைத்துக்கொள்கிறது. சிறு பிளவு வழியே ஆண் கொண்டுவரும் பழத்தை நம்பியே வாரக்கணக்கில் இருக்கிறது. அதற்கு வேண்டியது முதிர்ந்த மரமும் அதில் உளுத்த கிளையும். பூங்கா நிர்வாகத்தின் பார்வையில் அக்கிளை ஆபத்தானது, அழகற்றது. மரம் வீழ்ந்தால் போராட்டம் எழும். பொந்துள்ள கிளை மட்டும் போனால், மரங்களின் கணக்கில் எதுவும் குறைவதில்லை. அங்கே பறவை கூடு கட்டியதற்கான தொடர்ந்த பதிவு இல்லையெனில் வாதிடவும் ஒன்றுமில்லை.

எந்தப் பொந்தில் எந்த ஆண்டு ‘தனேஷ்’ அடைந்தது என்பதைப் பல ஆண்டுகள் அங்கேயே உழைத்த தோட்டக்காரர் அறிந்திருப்பார். செயலியில் அவருக்கு இடமில்லை. கள ஆய்வு என்று தொலைதூரக் கிராமங்களுக்குச் செல்லும் பல்கலைக்கழகத் துறைகள், தம் வாயிலுக்கு எதிரே இருக்கும் இந்தத் தகவலாளியிடம் ஒரு பிற்பகல்கூடச் செலவிடுவதில்லை என்பது வியப்பளிக்கிறது. அவர் காட்டும் மரங்களைக் குறித்துக்கொண்டு, ஒரே பாதையில் வாரம் ஒருமுறை அரைமணி நேரம் நடந்து, காகத்தில் தொடங்கி எல்லாவற்றையும் எழுதி, வெறுமையாய்க் கிடந்த பொந்துக்கு நேரே சுழியும் இட்டுவருவது, முதுகலை மாணவர் ஒருவர் இரண்டு ஆண்டுகளில் செய்துமுடிக்கக்கூடிய வேலைதான்.