வால்வு ஆம்ப்ளிஃபயரும் வழிநூலும்

பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர்களைச் சீர்செய்வதில் இரண்டு கட்சிகள் உண்டு. ஒரு திருகாணியைக்கூட மாற்றலாகாது என்பது ஒரு கட்சி. பெட்டியை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளிருப்பவை அனைத்தையும் மாற்றிவிடலாம் என்பது மறு கட்சி. தமிழ் படித்தவர்களுக்கு இவ்வழக்கு புதிதன்று. ஏடு எப்படி இருக்கிறதோ அப்படியே அச்சிட வேண்டும் என்போரும், பொருள் விளங்கவில்லையெனில் நாமே திருத்திக்கொள்ளலாம் என்போரும் பதிப்புலகில் நூறாண்டுகளாக மோதிவந்திருக்கிறார்கள். ஆகவே மின்னணுவியல் அறியாத ஒரு தமிழாசிரியன் இதில் கருத்துச் சொல்ல முற்படுவதை வாசகர்கள் பொறுத்தருள்வார்கள் என நம்புகிறேன்.

காற்று அகற்றப்பட்ட கண்ணாடிக் குழாய்க்குள் சூடேறிய ஓர் உலோகம் எலக்ட்ரான்களை உமிழ்கிறது. நடுவிலுள்ள கம்பி வலைக்கு வரும் மெல்லிய ஒலிச்சைகை அவ்வோட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது. சிறியது பெரியதை ஆளும் இந்த உத்தி 1906இல் லீ டி ஃபாரஸ்ட் செய்த கருவியில் தொடங்கியது. டிரான்சிஸ்டர் 1947இல் பிறந்தபோதிலும், அடுத்த கால் நூற்றாண்டுக் காலம் நம் ஊர்களின் ஒலி வால்வு வழியாகவே வந்தது. மேடைப்பேச்சு, கோயில் திருவிழா, கல்யாணவீட்டு இசைத்தட்டு, தேவாலயப் பாடகர் குழு என எல்லாமே மைக்செட்காரரின் அந்தக் கனத்த பெட்டியை நம்பியிருந்தன. பறையடிப்போர் தோலைத் தீயில் காய்ச்சுவதைப் போல, மைக்செட்காரரும் ‘செட்’ சூடேறும்வரை காத்திருந்துதான் ‘ஹலோ, மைக் டெஸ்டிங்’ என்றார்.

இக்கருவிகளுக்கு நம் நாட்டிலேயே ஒரு வரலாறு இருக்கிறது. பம்பாயின் சிகாகோ ரேடியோ நிறுவனம் காங்கிரஸ் கூட்டங்களுக்கு ஒலிபெருக்கி அமைத்துக் கொடுத்தது. 1942இல் உஷா மேத்தாவும் தோழர்களும் நடத்திய தலைமறைவு காங்கிரஸ் வானொலி வழக்கில், அந்நிறுவனத்தின் நானிக் மோட்வானேயும் குற்றஞ்சாட்டப்பட்டோருள் ஒருவர். 1940இல் தில்லியில் தொடங்கப்பட்ட அஹுஜாவின் பெயரை அறியாத மைக்செட்காரர் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1961இல் வானொலி வால்வுகளை உற்பத்தி செய்யத் தொடங்கியது. அங்கே செய்யப்பட்ட வால்வுகளை இன்று வெளிநாட்டுக் கிதார் கலைஞர்கள் சிலர் தேடி வாங்குகிறார்கள். நாமோ எடைக்குப் போடுகிறோம்.

கிதார்காரர்களுக்கு ஏன் இந்தப் பித்து? வால்வு தன் எல்லையை மீறும்போது நடந்துகொள்ளும் விதமே காரணம். அளவுக்கு மேல் ஒலி கொடுத்தால் சாதாரண டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர் அலையின் தலையைச் சட்டென்று வெட்டிவிடும். வால்வு ஆம்ப்ளிஃபயரோ பெரும்பாலும் மெல்ல வளைந்து கொடுக்கும். உணர்ச்சி மிகும்போது கூத்துக்கலைஞரின் குரலில் ஏறும் கரகரப்பைப் போன்றது அது. பொறியாளர் அதைப் பிழை என்றார்; கிதார்காரர் அதையே அழகாக்கிக்கொண்டார். மேடைப்பேச்சுக்கென்று செய்யப்பட்ட பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர்களை இளைஞர்கள் கிதாருக்குத் தேடுவதும் இதனால்தான்.

இனி எங்கள் பகுதிக்கு வருகிறேன். 1500 மெகாவாட் திறனுள்ள வள்ளூர் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும் ஊர்களிலிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட் வரை, பழைய பொருளுக்கு ஒரே ஒரு மதிப்புத்தான் உண்டு: கிலோவுக்கு எவ்வளவு? கும்மிடிப்பூண்டியின் உருக்காலைகள் பலவற்றுக்குப் பழைய இரும்பே மூலப்பொருள். அதில் குற்றமில்லை; பழையதை உருக்கிப் புதியது செய்வதும் ஒருவகைத் தொழில் அறம்தான். ஆனால் வால்வு ஆம்ப்ளிஃபயரைப் பொறுத்தவரை, இரும்புச் சட்டம் ஒரு பக்கமும் டிரான்ஸ்ஃபார்மரின் செம்பு ஒரு பக்கமும் போன பிறகு எஞ்சுவது குப்பையில் நொறுங்கும் கண்ணாடி. அதைக் கையால் பற்றுவைத்துக் கட்டியவரின் வேலைப்பாடு எந்தத் தராசிலும் ஏறுவதில்லை.

சரி, காப்பாற்றுவதென்று முடிவு செய்தால் எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது? நம் இசைக்கருவிகளிடமே இதற்கு விடை இருக்கிறது. நாதசுரக்காரர் சீவாளியை மாற்றிக்கொண்டே இருக்கிறார். நாதசுரம் மாறிவிட்டதென்று எவரும் சொல்வதில்லை. மிருதங்கத்தின் தோல் தேயும், புதிதாக மூட்டப்படும்; பலாக்கட்டை தலைமுறைகள் தாண்டி நிற்கும். வால்வு ஆம்ப்ளிஃபயரிலும் தோலும் உண்டு, கட்டையும் உண்டு. மின்னோட்டத்தைச் சீராக்கும் எலெக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்கள் சில பத்தாண்டுகளில் உலர்ந்துவிடும். கார்பன் ரெசிஸ்டர்களின் மதிப்பு காலப்போக்கில் நகர்ந்துவிடும். வால்வுகளும் தேய்பவையே. இவையெல்லாம் தோல். வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர், சட்டம், இணைப்புகளின் அமைப்பு ஆகியவை கட்டை. கருவியின் குரலைப் பெரிதும் நிர்ணயிப்பவை இவை. போனால் அதே குணத்தோடு திரும்பக் கிடைப்பது அரிது.

ஆதலால் ‘எதையும் தொடாதே’ என்னும் கட்சியோடு எனக்கு உடன்பாடில்லை. பல்லாண்டு உறங்கிய கருவியை நேரே மின்சாரத்தில் செருகினால், உலர்ந்த கண்டென்சர் தானும் வெடித்து, காப்பாற்ற வேண்டிய டிரான்ஸ்ஃபார்மரையும் எரித்துவிடக்கூடும். விவரமறிந்த மெக்கானிக் ஒரு குண்டு பல்பைத் தொடரில் இணைத்துத்தான் முதல் மின்சாரம் கொடுப்பார். பல்பு பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே எங்கோ கோளாறு என்று பொருள். இக்கருவிகளுக்குள் 300 முதல் 450 வோல்ட் வரை நேர்மின்னழுத்தம் ஓடுகிறது. செருகியைப் பிடுங்கிய பின்னும் அது கண்டென்சரில் தங்கியிருந்து உயிரைப் பறிக்கக்கூடும். பழைய இரட்டைக் கம்பியை நீக்கி எர்த் உள்ள மூன்று முனைக் கம்பி போடுவதைத் தூய்மைவாதம் பேசித் தடுப்பவர், அந்தக் கிதாரின் தந்திக்கம்பியைத் தம் விரலால் தொடப்போவதில்லை.

மறு கட்சியின் கொடுமை வேறுவகை. நானறிந்த ஒரு கல்லூரிக் கலையரங்கில் இருந்த வால்வு ஆம்ப்ளிஃபயரை ‘மேம்படுத்தி’த் தருவதாக ஒருவர் எடுத்துச் சென்றார். திரும்பி வந்த பெட்டி தூக்குவதற்கு இலகுவாக இருந்தது. டிரான்ஸ்ஃபார்மர்களும் வால்வுகளும் போய், உள்ளே கையகலத்தில் ஒரு ஐ.சி. பலகை அமர்ந்திருந்தது. வால்வு எரிவதைப் போன்ற தோற்றத்துக்காக ஆரஞ்சு நிற எல்.இ.டி. விளக்குகளையும் பொருத்தியிருந்தார்கள். நிர்வாகத்தினர் மகிழ்ந்தார்கள். கோயில் திருப்பணி என்ற பெயரில் மணலை வீசிக் கல்வெட்டுகளைத் தேய்த்த கதைகளைக் கேட்டவர்களுக்கு அந்த மகிழ்ச்சியின் தன்மை விளங்கும்.

அப்படியானால் மேம்படுத்துவதே தவறா? இல்லை. தொல்காப்பிய மரபியல் நூலை முதல்நூல், வழிநூல் என்று பகுக்கிறது. தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என வழிநூலுக்கு நான்கு நெறிகளையும் வகுக்கிறது. ஆக்கங்கள் இப்படித்தான் பெருகுகின்றன. ராக் இசையின் புகழ்பெற்ற ஆம்ப்ளிஃபயர்களில் ஒன்றே ஒரு வழிநூல்தான். அமெரிக்க நிறுவனமான ஃபெண்டர் பேஸ் கிதாருக்கென்று செய்த பாஸ்மேன் ஆம்ப்ளிஃபயரின் சுற்றமைப்பைப் பின்பற்றி, லண்டனில் இசைக்கருவிக் கடை நடத்திய ஜிம் மார்ஷலும் அவருடைய தொழில்நுட்பத் தோழர்களும் 1962இல் தம் முதல் ஆம்ப்ளிஃபயரை உருவாக்கினார்கள். இங்கிலாந்தில் கிடைத்த உதிரிப்பாகங்களைப் பயன்படுத்தியதில் குரல் மாறியது. அம்மாற்றமே தனிப்புகழ் பெற்றது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர்கள் பாஸ்மேனைப் பிரித்து எறிந்துவிட்டு அதன் பெட்டிக்குள் தம்முடையதைத் திணிக்கவில்லை. புதிய சட்டத்தில், புதிய பெயரில் செய்தார்கள். முதல்நூலின் ஏட்டைச் சுரண்டிவிட்டு அதன்மேல் வழிநூல் எழுதுவது எந்த மரபிலும் இல்லை.

கிதார் வாசிக்கும் என் மாணவர்கள் இதை ஏற்பதில்லை. ‘ஐயா, இது பொருட்காட்சிச் சாமானா? எங்களுக்கு வாசிக்க வேண்டும்’ என்கிறார்கள். நியாயமான கேள்வி. பேச்சுக்கென்று அமைந்த உள்ளீடு கிதாருக்கு அப்படியே பொருந்தாது. ஊர் முழுக்க நீளும் கம்பியில் புனல் ஒலிபெருக்கிகளை ஓட்டுவதற்கென 100 வோல்ட் வெளியீடும் அதில் இருக்கும். கிதார் பெட்டிக்கு அது ஆகாது, 8 ஓம் அல்லது 16 ஓம் இணைப்பைத் தேடிப் பிடிக்க வேண்டும். மாற்றம் தேவைதான். நான் கேட்பது இவ்வளவே: செய்த மாற்றத்தை நாளை இன்னொருவர் கழற்றிப் பழைய நிலைக்குக் கொண்டுவரக்கூடியதாகச் செய்யுங்கள். புதுத் துளை போடாதீர்கள். கழற்றிய பாகத்தை எறியாமல் ஓர் உறையிலிட்டுப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள்.

இன்னொன்று: எழுதி வையுங்கள். உ.வே.சாமிநாதையர் 1887இல் சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தார். அவர் பதிப்புகளின் பெருமை, ஏடுகளைத் தேடிய உழைப்போடு நிற்பதில்லை. தாம் கண்ட பாடபேதங்களை வாசகருக்கு மறைக்காமல் காட்டிய நேர்மையிலும் இருக்கிறது. புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. அவ்விரு எண்களும் இன்றுவரை வெறுமையாகவே நிற்கின்றன. அவ்வெறுமையைத் தம் செய்யுளால் நிரப்பும் புலமை உடையவர்கள் இல்லாமலா போனார்கள்? மெக்கானிக்கும் இன்ன கண்டென்சர் இன்ன நாளில் மாற்றப்பட்டது, பழைய மதிப்பு இது, புதியது இது என்று ஒரு தாளில் எழுதி மூடியின் உட்புறம் ஒட்டிவிடலாம். கால் மணி நேர வேலை. அடுத்துத் திறப்பவருக்கு அதுவே உரை.

வால்வுகள் இன்றும் ரஷ்யாவிலும் ஸ்லோவாக்கியாவிலும் சீனாவிலும் உற்பத்தியாகின்றன. 2022இல் ரஷ்யா ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியபோது உலகெங்கும் கிதார்காரர்கள் தவித்தார்கள் என்றாலும், வால்வைக் காசு கொடுத்து வாங்கிவிட முடியும். வாங்க முடியாதது அதைப் பொருத்தத் தெரிந்த கை. வால்வுக் காலத்தில் தொழில் பழகிய மைக்செட்காரர்களும் ரேடியோ மெக்கானிக்குகளும் முதியவர்களாகிவிட்டார்கள். அவர்களிடம் உள்ளது ஏட்டில் ஏறாத சுவடி. எங்கள் மாவட்டத்துத் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் பாலிடெக்னிக்குகளிலும் படிக்கும் பிள்ளைகளில் பத்துப் பேர் ஆளுக்கொரு முதியவரிடம் சென்று, ஒரு செட்டைத் திறந்துவைத்துக் கேட்டு எழுதினால் போதும். ஒரு நூல் உருவாகிவிடும். பரணில் பழைய செட் வைத்திருப்பவர்கள் அதை எடைக்குப் போடுமுன் அப்படி ஒருவரைத் தேடிப் பாருங்கள். நாம் ஏடுகளை ஆற்றில் விட்டும் அடுப்பில் இட்டும் பழகிய சமூகம். மிஞ்சியவற்றைத் தேடி உ.வே.சா. ஊர் ஊராக நடந்தார். வால்வு செட்டைத் தேடி நாம் அவ்வளவு தூரம் நடக்க வேண்டியதில்லை.