எதிரியிடமும் எழுத்துக் கற்ற சமுதாயம்

"கைப்பேசி ஃபித்னாவின் வாயில், முதியோர் வகுப்பில் அதற்கு இடமில்லை" என நம் மஹல்லாக்களில் சிலர் முழங்குகின்றனர். அவர்களை நாம் வினவுகிறோம்: ஹிஜ்ரி 2-இல் பத்ரில் சிறைப்பட்ட குறைஷியருள் சிலர், அன்சாரிகளின் சிறார்க்கு எழுத்துக் கற்பித்ததையே மீட்புப் பணமாக அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஏற்கவில்லையா? வாளேந்தி வந்தவனையே ஆசானாக்கிய மார்க்கம், ஒரு கருவிக்கா அஞ்சும்?

வங்கி அனுப்பும் இரகசிய எண்ணைப் பிறரிடம் காட்டிப் படிக்கச் சொல்லும் தாய், வஞ்சகருக்கு எளிதில் இரையாகிறாள். ஃபித்னா கருவியிலன்று, அறியாமையிலேயே உள்ளது.

15 வயதைக் கடந்தோர்க்கென 2022-இல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்திற்கு 'உல்லாஸ்' செயலி உண்டு. எனினும், செயலியைத் தந்து ஆசிரியரை அகற்ற நினைப்போரையும் நாம் ஏற்கோம். பத்ருக்குப் பின் கற்பித்தோர் மனிதரே. உஸ்தாதின் அருகில் கருவி இருக்கட்டும். அவரது இடத்தில் வேண்டா.