விழுந்தவர் எந்தப் படியில் கால் வைப்பது?

சென்ற காலபோக அறுவடை முடிந்த கையோடு நெளுக்குளத்திலிருந்து அம்மையார் ஒருவர் எம்மிடம் வந்தார். காணி வழக்கோ, தாபரிப்பு வழக்கோ என எண்ணி நாம் எழுதுதாளை எடுத்தோம். இரண்டுமல்ல. பதினான்கு மாதம் சாராயத்தைத் தொடாதிருந்த அவர் கணவர், நெல் விற்ற பணம் கைக்கு வந்த கிழமையிலேயே மீண்டும் தவறணைப் படியேறிவிட்டார். "ஐயா, கோட்டிலை ஒரு கட்டளை எடுத்து ஆளை மூண்டு மாசம் எங்கையாவது அடைச்சு வைக்கேலாதோ?" என்பதே அம்மையாரின் கேள்வி.

சட்டத்தைப் பற்றிய விடை சுருக்கமானது. போதைப்பொருளுக்கு அடிமையானோரின் சிகிச்சைக்கென 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் உண்டு. அது அபாயகரமான ஒளடதங்களைப் பற்றியது. சாராயக் குடியரைப் பிடித்து அடைப்பதற்கு இயற்றப்பட்டதன்று. இதைச் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் அவர் கேட்ட கேள்விக்குப் பின்னால் வேறொரு கேள்வி நின்றது. ஒருமுறை குணமாகி மீண்டும் விழுந்தவருக்கு வேண்டுவது எவ்வளவு வைத்தியம்?

வீட்டிலே மூன்று தீர்ப்புகள் ஏற்கெனவே வழங்கப்பட்டிருந்தன. மைத்துனரின் தீர்ப்பு, தொலைவான ஏதேனுமொரு முகாமில் அடைப்பது. மாமியாரின் தீர்ப்பு, புதூர் நாகதம்பிரானுக்கு நேர்த்தி. கணவரின் தீர்ப்போ, மாதம் ஒருமுறை கிளினிக்குக்குப் போய்க் குளிசை எடுத்தாற் போதும் என்பது. குற்றஞ்சாட்டப்பட்டவரே தமக்குத் தண்டனை விதிப்பதாயின் அது எப்போதும் இலேசாகத்தான் இருக்கும். நீதிமன்றங்களில் நாம் காணாததா? நேர்த்தியை நாம் குறை கூறோம். நம்பிக்கை மனிதனைத் தாங்கும். ஆனால் நேர்த்தி வைத்தியத்தின் துணையாக நிற்கவேண்டுமேயன்றி, அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளலாகாது.

முதலில் ஒன்று தெளிவாக வேண்டும். மீண்டும் விழுதல் என்பது முதல் வைத்தியம் வீண் என்பதற்குச் சான்றாகாது. மக்லெல்லன் முதலிய அறிஞர் 2000ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் எழுதிய கட்டுரையொன்று, போதை நோயை நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், ஈளை ஆகிய நீடித்த நோய்களோடு ஒப்புநோக்கியது. சிகிச்சை நின்றதும் நோய் திரும்புதலில் இவற்றிடையே பெருவேற்றுமை இல்லை என்று காட்டியது. நீரிழிவுக்காரர் கலியாண வீட்டிற் பாயசம் குடித்துச் சர்க்கரை ஏறிவந்தால் அவரை யாராவது மூன்று மாதம் அடைத்து வைக்கிறோமா? மருந்தின் அளவையும் வந்து பார்க்கும் நாளையும் மாற்றுகிறோம். குடியர் விடயத்திலோ "திருந்தாத சென்மம்" என்று கைகழுவி விடுகிறோம். அல்லது வெஞ்சினங்கொண்டு நாடுகடத்த முனைகிறோம்.

எனின் எவ்வளவு? அமெரிக்க நாட்டுப் போதைமருத்துவச் சங்கத்தார் 1991ஆம் ஆண்டு முதன்முதல் வெளிவந்து பின்னர் பலமுறை திருத்தப்பெற்ற அளவுகோலொன்றை வைத்துள்ளனர். அதன்படி வீட்டிலிருந்து வந்துபோகும் சிகிச்சை ஒன்றன்று. பல படிகள் கொண்டது. கிழமைக்கு ஒன்பது மணித்தியாலத்துக்குக் குறைவானது முதற்படி. ஒன்பது முதல் பத்தொன்பது மணித்தியாலம் வரை, அஃதாவது கிழமையில் மூன்று நாட்களேனும் மும்மூன்று மணித்தியாலம் உளவளத்துணையிலும் குழுவிலும் இருப்பது அடுத்த படி. இருபது மணித்தியாலமும் அதற்கு மேலும் வைத்தியசாலையிற் பகலைக் கழித்து இரவில் வீடு திரும்புவது அதற்கும் மேற்படி. அதன்பின்னரே தங்கிச் சிகிச்சை பெறுதலும் மருத்துவ விடுதியும் வருகின்றன. இந்த மணிக்கணக்கு எம் நாட்டுக்கு அப்படியே பொருந்தவேண்டுமென்பதில்லை. படிகள் உண்டு என்னும் கருத்தே முக்கியமானது.

எந்தப் படியைத் தேர்வது என்பதைக் கோபமோ இரக்கமோ தீர்மானிக்கலாகாது. எல்லாவற்றுக்கும் முன் கேட்கவேண்டியது உடலைப் பற்றியது. முன்னொரு தடவை குடியை நிறுத்தியபோது வலிப்பு வந்ததா? உருவெளித் தோற்றங்கள் கண்டு பிதற்றினாரா? ஆமெனில் வீட்டிலிருந்து வைத்தியம் என்ற பேச்சுக்கே இடமில்லை. நாட்கணக்கில் இடைவிடாது குடித்தவர் திடீரென நிறுத்தினால் ஆறு மணித்தியாலம் முதல் ஒரு நாளுக்குள் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாட்களில் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாட்களில் சித்தப் பிரமையும் காய்ச்சலும் சேர்ந்து உயிரையே கொண்டுபோகலாம். "அறையிற் பூட்டி வைத்தால் மூன்று நாளில் தெளிந்துவிடும்" என்று சொல்லும் ஊர்ப் பெரியவர்களைக் கைகூப்பி வேண்டிக்கொள்கிறோம்: அந்த மூன்று நாட்களே கொல்லும் நாட்கள். வலிப்புக் கண்டால் 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்சை வரவழையுங்கள். விடுதியில் நடுக்கத்தைத் தணிக்கும் மருந்தும் பி1 உயிர்ச்சத்தும் கொடுத்து ஒரு கிழமையளவில் உடலைத் தேற்றிவிடுவார்கள். நடுக்கம் இலேசானதாய், வேறு நோய் இல்லாதவராய், நம்பத்தக்க ஒருவர் வீட்டில் இருப்பவராயின் நாள்தோறும் வைத்தியரிடம் காட்டியே இதனைக் கடக்கவும் கூடும். அதை முடிவு செய்யவேண்டியவர் வைத்தியர், மைத்துனர் அல்லர்.

எம் இளைஞரிடையே பரவிவிட்ட தூளைப் பற்றியும் ஒரு சொல். ஹெரோயினைச் சில மாதம் நிறுத்தியிருந்தவரின் உடல் பழைய தாங்குசக்தியை இழந்துவிடும். பழைய அளவையே மீண்டும் எடுப்பாராயின் மூச்சு அடங்கிவிடக்கூடும். முகாமிலிருந்தோ சிறையிலிருந்தோ வெளிவந்த முதற் கிழமைகளில் அவர்களைத் தனியே விடலாகாது என்பது இதனாலேயே.

உடலுக்குப் பின் மனம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா? கிருமிநாசினிப் போத்தல் திண்ணையிலேயே இருக்கும் கமக்காரர் வீடுகளில் இக்கேள்வியைக் கேட்கக் கூசுதல் தகாது. வன்னியில் 2009ஆம் ஆண்டுக்கு முன்னும் பின்னும் பிள்ளைகளைப் பறிகொடுத்தோரும், செட்டிகுளத்து மெனிக் முகாமின் கூடாரங்களில் மாதங்களைக் கழித்தோரும் எத்தனை பேர்? போரின் வடுக்கள் தனிமனிதரை மட்டுமன்றிச் சமூகத்தையே நோயுறச் செய்தமையையும், குடி அதன் வெளிப்பாடுகளுள் ஒன்றென்பதையும் மனநல வைத்தியர் தயா சோமசுந்தரம் விரிவாக எழுதியிருக்கிறார். அந்தத் துயருக்குச் செவிகொடாமல் போத்தலை மட்டும் பறிப்பது, அடுப்பை அணைக்காமற் கொதிக்கும் பானையின் மூடியை அழுத்துவதேயாம்.

பின்னர் வீடும் சூழலும். எம்மிடம் வந்த குடும்பத்தில் இதுவே வழக்கின் உயிர்நாடி. அவர் எந்த நாளில் விழுந்தார்? துக்க நாளிலன்று, பணம் வந்த நாளில். அறுவடைக் கூலியோடு போத்தலும் சேர்த்துக் கொடுக்கும் வழக்கம், கூட்டாளிகளின் வற்புறுத்தல், கையிற் காசு. இவை மூன்றும் ஒன்றுகூடும் கிழமைகளை முன்கூட்டியே பஞ்சாங்கம்போற் குறித்துவைக்கலாம். அக்கிழமைகளில் மாதமொருமுறைக் கிளினிக் எதற்கு ஆகும்? கிழமைக்கு மூன்று முறை வரச்சொல்லவேண்டிய காலம் அதுவே. விதைப்புக் காலத்திலோ அவரை வயலிலிருந்து பிடுங்கி மூன்று மாதம் அனுப்பினால், திரும்பி வரும்போது போகமும் இல்லை, கடனே காத்திருக்கும். கடனோடு வந்தவர் எங்கே போவார் என்று சொல்லவும் வேண்டுமா? விழுந்தவருக்குச் சற்று உயர்ந்த படியிலிருந்து தொடங்கி, தேறத்தேறப் படிப்படியாக இறக்குவதே முறை. பலர் செய்வதோ நேர்மாறு. ஒரு மாதம் குடியாதிருந்தால் "சுகமாயிற்று" என்று எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறார்கள்.

இனி அரசாங்கத்தைக் கேட்போம். வன்னிக் குடும்பங்களிற் பெரும்பாலானவை அறிந்த வழிகள் இரண்டே. ஒன்று, மாதக் கிளினிக்கின் நீண்ட வரிசை. மற்றது, தொலைதூரத்து முகாம். நடுவிலுள்ள படிகளின் பெயரே அவர்களுக்குத் தெரியாது. முகாம்களின் நிலையையும் நாடு கண்டது. பொலனறுவை மாவட்டத்துக் கந்தக்காட்டில் 2022ஆம் ஆண்டு யூன் மாதத்தில் ஒருவர் மரணமானதைத் தொடர்ந்து நூற்றுக்கணக்கானோர் தப்பியோடினர். அதே ஆண்டில், முன்னாள் போராளிகளையும் போதைக்கு அடிமையானோரையும் ஒரே கூண்டில் அடைக்க முயன்ற புனர்வாழ்வுப் பணியகச் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதென உயர் நீதிமன்றம் கூறிற்று. திருத்தப்பட்ட பின்னரே 2023 சனவரியில் அது நிறைவேறியது. நோயாளிக்குக் காவலாளரைக் காட்டிலும் வைத்தியரே வேண்டும் என்று சொல்வதற்கு இவை போதாவா?

கிராமத்துக்குள்ளேயே செய்யமுடியாத காரியமன்று இது. சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980இற் சென்னையில் நிறுவிய போதைச் சிகிச்சை நிலையத்தார், காவிரிப் படுகையின் மஞ்சக்குடிக் கிராமத்திலேயே முகாமிட்டுக் குடிநோயாளருக்குச் சிகிச்சை அளித்தனர். அவ்வனுபவத்தை 1994இல் ஆய்விதழிலும் எழுதினர். சொந்த ஊர், சொந்த மொழி, பார்த்துக்கொள்ளச் சொந்த மனிதர். உளவளத்துணையில் மருந்தே பேச்சுத்தான். மொழிபெயர்ப்பாளரை நடுவில் இருத்தி ஒருவர் தம் வெட்கத்தைச் சொல்லமுடியுமா? தமிழ் அறிந்த உளவளத்துணையாளர் வேண்டுமென்று நாம் கேட்பது சலுகையன்று. 1987ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின் தமிழும் அரச கரும மொழியாகும். வவுனியாப் பொது வைத்தியசாலையை நடுவாக வைத்து, கமக்காரரும் கூலியாளரும் வரக்கூடிய மாலை வேளையில் கிழமைக்கு மூன்று நாள் குழுச் சிகிச்சை நடக்கட்டும். நெளுக்குளம் மன்னார் வீதியில் வேப்பங்குளத்தை அடுத்துள்ள ஊர், பேருந்தில் வந்துபோகலாம். உட்கிராமத்தாருக்கு அதுவும் அரிது. அவர்களுக்கு உளநல அலுவலரே ஊருக்குப் போகட்டும். கமநல சேவை நிலையத்துக் கூட்டங்களில் உரத்தைப் பற்றிப் பேசும்போது இதையும் பேசினால் என்ன?

அந்த அம்மையாரின் கணவருக்கு முன்னரே ஒருமுறை வலிப்பு வந்திருந்தமை விசாரித்தபோதுதான் வெளிவந்தது. ஆறு நாள் விடுதியில் இருந்தார். பின்னர் கிழமைக்கு இருமுறை உளவளத்துணைக்குப் போனார். ஒருமுறை மனைவியும் கூடப் போகவேண்டுமென்று சொல்லியிருந்தார்கள். சிறுபோக விதைப்புக்கு முன் இருவருமாக எம்மிடம் வந்தனர். இனி நெல் விற்கும் பணம் மனைவியின் வங்கிக் கணக்குக்குப் போகவேண்டும். அதற்குக் கடிதம் எழுதித் தரவேண்டும் என்று கேட்டவர் கணவர். எழுதிக் கொடுத்தோம். கை நடுங்காமற் கையெழுத்திட்டார்.