மிச்சம் நல்ல சொல்

வெள்ளவத்தைத் தோழி "சரியான சூடு" என்பாள். கொட்டாஞ்சேனையில் எங்கள் உம்மா "மிச்சம் சூடு" என்பார். நாகரிகமாகப் பேச நினைத்தால் இரண்டையும் விட்டு "வெரி ஹொட்" என்கிறோம். அந்த "வெரி"யின் பூர்வீகம், பழைய பிரெஞ்சில் "உண்மையான" என்று பொருள்பட்ட சொல். நம் "சரியான" வந்த வழியும் ஏறத்தாழ அதுதானே! அச்சத்தைக் குறித்த "டெரிப்ளி"கூட இன்று நல்லதற்கு முன்னால் வந்து நிற்கிறது. அதை யாரும் கொச்சை என்பதில்லை.

மிகுதியைச் சொல்லத் தொல்காப்பியம் உறு, தவ, நனி ஆகிய மூன்றையும் காட்டுகிறது. மூன்றும் நம் பேச்சில் இல்லை. இருக்கிற "மிச்ச"த்தையும் பிழையென்று சிவப்பு மையால் வெட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. பரீட்சைக் கட்டுரையில் "மிகவும்" என்றே எழுதுவோம். சிறுகதையில் உம்மா வாய் திறந்தால் மட்டும், "மிச்சம் சந்தோசம் மகள்" என்றே சொல்லட்டும்.